பதினாலாம் நம்பர் சீட்டு

பதினாலக்கா ஒரு விரிப்பைப் பார்த்துவிட்டு "சுத்தம்" என்றால் அது சுத்தம். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

எங்கள் சலவைக் கம்பெனிக்கு நான்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் சில ஓட்டல்களிலிருந்தும் துணி வருகிறது. துவைத்து, உலர்த்தி, உருளை இஸ்திரியில் ஓட்டியெடுத்த பிறகு எல்லாம் ஒரு மேசைக்கு வந்து சேரும். கண்ணாடிப் பலகை பதித்த மேசை. அடியில் குழல்விளக்குகள் எரியும். அதன்மேல் விரிப்பைப் பரப்பினால் கறை, கிழிசல், ஒட்டிக்கொண்ட ஒற்றை முடி எல்லாம் தெரிந்துவிடும், பார்க்கத் தெரிந்த கண்ணாக இருந்தால். சரியென்று பட்ட விரிப்புகளை இருபது இருபதாகக் கட்டி, பார்த்தவரின் நம்பர் அச்சடித்த சீட்டில் தேதி முத்திரை குத்தி உள்ளே சொருக வேண்டும். சீட்டின் அடிக்கட்டை அவரிடமே இருக்கும். ஆஸ்பத்திரியில் பிரிக்கும்போது கறை தென்பட்டால், சீட்டைப் பார்த்து யாரென்று கேட்பார்கள்.

பதினாலாம் நம்பர் சீட்டோடு போன கட்டு, பதினாறு வருஷத்தில் இரண்டு தரம்தான் திரும்பி வந்திருக்கிறது. அதிலும் ஒன்றை அக்கா மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம சோப்பு வாசனைக்கு மேல பட்ட காப்பி. அவங்க நர்சு கொட்டுனது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் விசாரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு நம்பரே பெயராகிவிட்டது. அவருடைய வீட்டுக்காரர்கூடப் போன் செய்தால் "பதினாலு இருக்காங்களா" என்றுதான் கேட்பார்.

நான் அங்கே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கண்ணில் பட்டது அவருடைய சட்டைதான். கம்பெனி சீருடை வெளிர்நீல அரைக்கைச் சட்டை. அக்காவுடையது மட்டும் முழுக்கை. முழங்கைக்குக் கீழே வேறொரு நீலம், கொஞ்சம் அடர்த்தி கூடுதல். தானே துணி வாங்கி ஒட்டுப்போட்டுத் தைத்தது. அந்தக் கூடத்தில் நீராவியில் சுவருக்கே வியர்க்கும். அங்கே ஒருத்தர் பதினாறு வருஷம் முழுக்கையோடு நிற்கிறார். மேசைக்காரர்கள் எல்லாரும் வெள்ளை நூல் கையுறை போடுவது வழக்கம். ஆகையால் அவருடைய முகத்தையும் கழுத்தையும் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் வாய்தவறிக் கேட்டேன். "உங்களுக்கு வேர்க்கலியாக்கா?"

"வேர்க்குது தம்பி. அது வேற கதை" என்றார்.

அந்த வேறு கதையின் பெயர் சொரியாசிஸ்.

மகன் பிறந்த நாலாம் மாசம், இருபத்து மூன்று வயதில், முழங்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் வந்தது. பூச்சிக்கடி என்று விட்டுவிட்டார். பொத்தான் தட்டாகி, தட்டு முழங்கை முழுக்கப் படர்ந்து, மேலே வெள்ளிப் பொடிபோலச் செதில் கட்டியது. சொறிந்தால் உதிரும். உதிர்ந்த இடத்தில் ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தம் பூக்கும். பிறகு முழங்கால், தலைமுடிக்குள், முதுகு. காலையில் எழுந்தால் முதல் வேலை படுக்கையை உதறிக் கூட்டுவது. பக்கத்து வீட்டில் வாசல் கூட்டும் நேரத்தில் இவர் மெத்தையைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர் பொறுமையாக விளக்கினாராம். இது ஒட்டாது. தொட்டால் வராது, துணியில் வராது, தண்ணீரில் வராது. உடம்பின் காவல்காரனே ஆள்மாறி உடம்பை அடிக்கிறான். ஒரு மாசத்தில் வளர வேண்டிய தோல் மூன்று நாலு நாளில் வளர்ந்து தள்ளுகிறது. அடக்கி வைக்கலாம், வேரோடு பிடுங்க முடியாது. மனசு கஷ்டப்பட்டால் கூடும்.

"அப்ப மனசு கஷ்டப்படாம இருக்க ஒண்ணு எழுதிக் குடுங்க டாக்டர்னேன். சிரிச்சாரு. எழுதலை" என்று அக்கா ஒருதரம் என்னிடம் சொன்னார். "என் தோலும் என்னைமாதிரித்தான் போல, ஒரே ஓவர்டைம்."

இதைத் தீர்த்துக்கட்ட மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் மற்ற எல்லாரிடமும் மருந்து இருந்தது. அதைத் தின்னாதே, இதைத் தடவு, இன்ன எண்ணெயை இன்ன கிழமை தேய். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் இவர் கையைப் பார்த்துவிட்டு, "யார் சாபமோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு பஸ்ல எப்பவும் ரெண்டு சீட்டு. மகாராணிக்குக்கூட அப்படிக் கெடைக்காது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் முழுக்கை அப்போதுதான் வந்தது.

கூடப் பிறந்த தங்கையின் கல்யாணத்தில், படம் எடுக்கிற நேரத்தில் அம்மா வந்து காதோடு சொன்னாள்: "நீ கொஞ்சம் இந்தப் பைய எல்லாம் பாத்துக்கடி, தொலைஞ்சுரும்." அக்கா பைகளைப் பார்த்துக்கொண்டார். கல்யாண ஆல்பத்தில் ஒன்றுவிட்ட மாமாவின் கார் டிரைவர்கூட இருக்கிறார். அக்கா இல்லை. மகனின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கெல்லாம் அவருடைய வீட்டுக்காரர்தான் போனார். கறுப்பு நாற்காலியில் அக்கா உட்கார மாட்டார். எழுந்த பிறகு அதன்மேல் வெள்ளையாக விழுந்து கிடப்பதைத் தட்டிவிட வேண்டுமே என்பதற்காக நின்றே பேசுவார். இப்படியே பதினெட்டு வருஷம். எவருக்கும் தொல்லை கொடுக்காமல் ஓரமாக இருந்துகொண்டால் உலகம் நம்மை விட்டுவிடும் என்று நம்பியிருந்தார்.

உலகம் விடவில்லை. விரல்ரேகை மிஷின் வாங்கியது.

மிஷினை வெள்ளை வாசலில் மாட்டினார்கள். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனிக்கு இரண்டு வாசல். பின்பக்கம் இருப்பது அழுக்கு வாசல். ஆஸ்பத்திரித் துணி மூட்டை மூட்டையாக அதன் வழியாகத்தான் உள்ளே வரும். முன்பக்கம் வெள்ளை வாசல், சுத்தமான துணி அதன் வழியாக வெளியே போகும். நடுவில் கூரை முட்டச் சுவர். அழுக்குப் பக்கத்து ஆள் குளித்து உடைமாற்றாமல் வெள்ளைப் பக்கம் வரக் கூடாது, எதையும் தொடக் கூடாது. வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான். சுவரில் ஆள் உயரத்துக்குப் பலகையும் உண்டு.

மிஷின் வந்த முதல் நாள் ஐம்பது பேர் வரிசையில் நின்றோம். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து, ஒரு பெண்குரல் "நன்றி" என்றது. அக்காவின் முறை வந்தது. கையுறையைக் கழற்றினார். விரல்நுனிகளுக்கும் வியாதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். விரல்களில் தோல் வெடித்து உரிந்திருந்தது. வலது ஆள்காட்டி விரலை வைத்தார்.

"மறுபடி வைக்கவும்" என்றது குரல்.

வைத்தார். மறுபடி வைக்கவும். கட்டைவிரல். மறுபடி வைக்கவும். இடது கை. பின்னால் வரிசை நெளிந்தது.

"என்னக்கா, அதுகூடச் சம்பந்தம் பேசிட்டிருக்கீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு.

உருளை இஸ்திரி ஓட்டுகிறவரை நாங்கள் ரோலர் அண்ணன் என்போம். வாய் கொஞ்சம் நீளம். அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்: "ரேகை இருந்தால்ல எடுக்கும். எல்லாம் உரிஞ்சு கொட்டியிருக்கு பாரு." பிறகு சிரிப்பு இல்லாமல், "அவங்க பத்து வெரலையும் வெச்சு எடுத்த எடத்துல நாங்க வெக்கணுமா?"

அக்கா கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று விழுந்தது.

மறுநாள் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துத் தண்ணீர் பாட்டிலும் மஞ்சள் துணியும் தொங்கின. அக்காவுக்கு முன்னால் போன நாற்பது பேர் துடைக்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் நின்றவர் துடைத்தார். மூன்றாம் நாள் மேனேஜர் மேசைக்கு ஒரு மனு வந்தது. "அனைவரின் சுகாதார நலன் கருதி" என்று தொடங்கி, முப்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து ரோலர் அண்ணன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "யார் மனசும் புண்படாத மாதிரி ஒரு சுற்றறிக்கை போடு. படிச்ச பையன்தானே."

போட்டேன். "தொழில்நுட்பக் காரணங்களால் வருகைப் பதிவில் சிரமம் உள்ள பணியாளர், மாற்று ஏற்பாடு செய்யப்படும் வரை, பின்வாசலில் வைக்கப்பட்டுள்ள தனிக் குறிப்பேட்டில் கையொப்பமிட்டு, அவ்வழியே உள்ளே வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்." ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதற்குமுன் எங்கள் ஆட்கள் எல்லாரும் பிறர் எழுதியதன் அடியில் கைநாட்டு வைத்தவர்கள்தான். இப்படி ஒரு வாக்கியம் என் கையால் வந்ததில் எனக்கு நிறைவாகவே இருந்தது. அவர் பெயரோ நம்பரோ எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். அது மரியாதை என்று நினைத்தேன்.

மத்தியானம் அக்கா அந்தத் தாளைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"இது உன் எழுத்தா தம்பி?"

"ஆமாக்கா. மேனேஜர் சொன்னாரு."

"நல்லா இருக்கு. ஒரே ஒரு எடம் மட்டும் புரியல. பின்வாசல்னு போட்டிருக்க. அதுக்குப் பேரு பின்வாசலா?"

"பின்பக்கம் இருக்கறதாலக்கா" என்றேன்.

"சொல்லு. நாம அத என்னன்னு சொல்வோம்?"

"அழுக்கு வாசல்."

"அது வழியா என்னென்ன வரும்?"

"ஆஸ்பத்திரி மூட்டைக்கா."

"ரத்தம் பட்டது, சீழ் பட்டது, வாந்தி பட்டது. இனிமே அதுல நானும் ஒரு உருப்படி." தாளை மடித்து என் மேசைமேல் வைத்தார். குரல் ஏறவில்லை. "அந்த வாசல்ல நான் வரமாட்டேன். அந்த நோட்டுல கையெழுத்தும் போடமாட்டேன். போய்ச் சொல்லிரு."

"வரலைன்னு விழுமேக்கா. பத்து நாளைக்கு மேல போனா வேலைக்கே—"

"தெரியும். விழட்டும். விழறது மிஷின்லதானே. நான் விழலையே."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அவருடைய வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். அவர் வெல்டர். கை முழுக்கத் தீப்பொறி தெறித்த வடுக்கள். அவர் உள்ளே நுழையும்போது அக்கா சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து, பிளேடால் சட்டைக் கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாராம்.

"என்ன பண்ற?"

"வேர்க்குது."

"பதினாறு வருஷமா வேர்க்கலியா?"

"வேர்த்துச்சு. கோவம் இப்பதான் வருது."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "என் வேலை இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. உன் வேலையிலதான் இந்த வீடு நிக்குது. ஒரு நோட்டுல கையெழுத்துப் போடறதுல என்ன வந்துச்சு? யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டுத்தான் பிரிக்கிறேன். நோட்டுல போட்டா வேலை நிக்கும். நான் நிக்கமாட்டேன். அம்மா பையப் பாத்துக்கன்னா, பாத்துக்கிட்டேன். பஸ்ல எந்திரிச்சுப் போனா, போகட்டும்னு விட்டேன். இப்ப அழுக்கோட சேத்து என்னை உள்ள வாங்கறாங்க. இதையும் விட்டா அடுத்தது என்ன, மூட்டையில கட்டிருவாங்களா?"

அவர் தம் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாராம். "எனக்கும்தான் கை பூரா தழும்பு. யாரும் எந்திரிச்சுப் போகலியே. என்னுதுன்னா வேலை செஞ்ச கை, உன்னுதுன்னா நோய் புடிச்ச கை." பிறகு இன்னொரு பிளேடை எடுத்து மற்றச் சட்டையின் கையைப் பிரிக்க ஆரம்பித்தார். தையல் வேலை தெரியாத மனுஷன். சட்டையையும் சேர்த்துக் கொஞ்சம் கிழித்துவிட்டார்.

மறுநாள் காலையில் பதினாலக்கா அரைக்கைச் சட்டையோடு வந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, உழுதுபோட்ட செம்மண்ணில் சுண்ணாம்பைத் தூவியதுபோல் இருந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. தம் முறை வந்ததும் மஞ்சள் துணியில் மருந்துத் தண்ணீரை ஊற்றி, விரல் வைக்கும் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார்.

பின்னாலிருந்து ஒரு பெண், "வெச்சதுக்கு அப்புறம்தானேக்கா தொடைக்கணும்" என்றாள்.

"எனக்கு முன்னாடி நாப்பது பேரு வெச்சிருக்கீங்க. யாரு மூக்க நோண்டிட்டு வந்தீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

பிறகு பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தார். பத்து தரம் "மறுபடி வைக்கவும்". முடிந்ததும் வாட்ச்மேனைப் பார்த்தார். அவருக்கு அக்காவைப் பதினாறு வருஷமாகத் தெரியும். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

இப்படியே நாள்கள் போயின. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ரோலர் அண்ணன் வந்து, நாலடி தள்ளி நின்று பேசினார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்கும் வீட்ல பச்சப் புள்ளைங்க இருக்கு. ஒட்டிக்கிச்சுன்னா?"

"பதினெட்டு வருஷமா என் வீட்டுக்காரர் என்கூட ஒரே போர்வையில படுக்கறாரு. அவருக்கே ஒட்டல. உனக்கு ஒட்டறதுக்கு, நீ என்ன அவரவிட நெருக்கமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குப் புரையேறிவிட்டது. ரோலர் அண்ணன் தம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டே போனார். அக்காதான் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார். "தொட்டுட்டேன், கழுவிக்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இதெல்லாம் சும்மா வந்த துணிச்சல் இல்லை. எட்டாம் நாள் அவருடைய கை முழுவதும் சிவந்து வெடித்துவிட்டது. டாக்டர் சொன்னதுபோல், மனசின் கஷ்டம் தோலில் வந்து நின்றது. வெள்ளைக் கையுறையின் விரல்களில் ரத்தம் கசிந்து காய்ந்து ஒட்டிக்கொண்டது. விரிப்பில் பட்டுவிடக் கூடாதென்று அன்று ஏழு ஜோடி கையுறை மாற்றினார். நடுவில் ஒருதரம் கழிப்பறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது.

"அழுதீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அழுதேன். ஏன், அதுக்கும் மிஷின் வெச்சிருக்காங்களா?"

தினமும் சாயங்காலம் வருகைப் பட்டியலை அச்செடுப்பது என் வேலை. என் மேசைக்கு எதிரே கண்ணாடிச் சன்னல். அதன் வழியே பார்த்தால் அக்கா மேசைவிளக்கின் வெளிச்சத்தில் குனிந்து விரிப்பைத் தடவிக்கொண்டிருப்பது தெரியும். என் கையிலிருக்கும் தாளில் அவர் வரவில்லை. பதினோரு நாள் பதினோரு தாள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். பதினோராம் நாள் மேனேஜர் சொல்லி இன்னொரு கடிதமும் தட்டச்சு செய்தேன். தொடர்ந்து பணிக்கு வராததால், தாமாகவே வேலையை விட்டு விலகியதாக ஏன் கருதக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது. அதைக் கொடுக்கப் போனபோது அக்கா கையுறையைக் கழற்றாமலே வாங்கி, விளக்கு மேசைமேல் விரித்துப் படித்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கா? வரேன்."

விசாரணைக்கு மேனேஜர், சூப்பர்வைசர், குறிப்பெடுக்க நான். மேனேஜர் அறை நாற்காலிகள் எல்லாம் கறுப்பு. அக்கா ஒன்றை இழுத்துப்போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாருங்கம்மா, எனக்கு உங்கமேல தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல" என்று மேனேஜர் ஆரம்பித்தார். "ஆனா ரெக்கார்டுபடி நீங்க பதினோரு நாளா வேலைக்கு வரலை."

அக்கா பையிலிருந்து ஒரு கற்றையை எடுத்து மேசைமேல் வைத்தார். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சீட்டு அடிக்கட்டைகள். எல்லாவற்றிலும் பதினாலாம் நம்பர், எல்லாவற்றிலும் தேதி முத்திரை.

"இது அந்தப் பதினோரு நாள்ல போன கட்டு. முந்நூத்திச் சொச்சம் இருக்கும். கட்டுக்கு இருபது விரிப்பு. நான் வரலைன்னா இதெல்லாம் யாரு பாத்தா?"

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பைப் பார்த்தேன்.

"யாருமே பாக்கலைன்னா சொல்லிருங்க. நாலு ஆஸ்பத்திரிக்கும் போன் போடுவோம். பாக்காத துணிய அனுப்பிட்டோம், படுத்திருக்கவங்கள எறக்கிக் கீழ விட்டுட்டு விரிப்பத் திருப்பி அனுப்புங்கன்னு சொல்வோம். நம்பரெல்லாம் தம்பிகிட்ட இருக்கு."

"அதுக்கில்லம்மா." மேனேஜர் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். "சரி, வந்ததாவே வெச்சுக்குவோம்."

"வெச்சுக்க வேண்டாம் சார். வந்தேன்."

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"சரி, வந்தீங்க. ஆனா மத்தவங்க பயமும் நியாயம்தானே? ஒட்டாதுன்னு டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு கொண்டு வாங்க."

"தாராளமா. அந்த மனுவுல கையெழுத்துப் போட்ட முப்பத்திரண்டு பேரும், எங்களுக்கு ஒட்டற நோய் எதுவும் இல்லைன்னு ஆளுக்கொண்ணு கொண்டு வரட்டும். எல்லாத்தையும் சேத்து ஒரே ஃபைல்ல போட்டுக்குவோம்."

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். நடுவில் புகுந்து சமாதானம் பேசினார். "சார், அக்கா மாதிரிக் கண்ணு நம்ம கம்பெனியில வேற யாருக்கும் கெடையாது. அதுக்காகவாவது பாக்கணும்."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். அதுவரை வராத கோபம் அப்போதுதான் முகத்தில் வந்தது.

"அதுக்காகப் பாக்க வேண்டாம். நாளைக்கு எனக்குக் கண்ணு மங்கிட்டா அழுக்கு வாசல்ல அனுப்பலாமா? கண்ணு வேற, வாசல் வேற. நான் மட்டமா வேலை பாக்கறவளா இருந்தாலும் முன்வாசல்லதான் வருவேன்." அப்புறம் மேனேஜரிடம், "இன்னொண்ணு சார். அழுக்கு வாசல் வழியா வந்தவங்க விளக்கு மேசையத் தொடக் கூடாதுன்னு நீங்க எழுதி வெச்ச பலகைதான் சொல்லுது. சுற்றறிக்கைப்படி நடந்திருந்தா நான் தெனமும் அத மீறியிருப்பேன். ஆஸ்பத்திரிக்காரங்க தணிக்கைக்கு வந்தா யாரு பதில் சொல்றது?"

இது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரை எந்த வழியாக ஒதுக்குவது என்று பார்த்தோமே தவிர, அந்த வழி எங்கே கொண்டுவிடும் என்று பார்க்கவில்லை. முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். அதைப் பட்டம் வாங்கியவன் ஒற்றுப் பிழை இல்லாமல் மீறியிருந்தேன்.

மேனேஜர் மிஷின்காரர்களுக்குப் போன் செய்தார். மிஷினிலேயே எண் பொத்தான்கள் இருக்கின்றன, விரலுக்குப் பதில் ஆளுக்கொரு நம்பர் அழுத்தலாம் என்று அவர்கள் சொன்னார்கள். ஐந்து நிமிஷ வேலை.

"பிரச்சினை தீர்ந்துச்சு. உங்களுக்கு மட்டும் ஒரு நம்பர் குடுத்துர்றோம்" என்றார் மேனேஜர்.

"எனக்கு மட்டும் வேண்டாம். எனக்கு மட்டும்னு எது வந்தாலும் அது அழுக்கு வாசலாத்தான் போய் முடியுது. துவைக்கிற பக்கம் ரெண்டு பொண்ணுங்களுக்கு பிளீச்சுல ரேகையே தேஞ்சு போச்சு. வெளிய சொன்னா வேலை போயிருமோன்னு நாலு தரம் அஞ்சு தரம் வெச்சுப் பாத்துட்டிருக்குதுங்க. யாருக்கு வேணும்னாலும் நம்பர். விரல் வெக்கறவங்க வெக்கட்டும், அழுத்தறவங்க அழுத்தட்டும். ஒரே வாசல்."

அவர் எழுந்தபோது நாற்காலியில் வெள்ளையாகக் கொஞ்சம் விழுந்திருந்தது. அக்கா பார்த்தார். தட்டிவிடவில்லை. மேனேஜரும் பார்த்தார்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், சொரியாசிஸ் அப்படியேதான் இருக்கிறது. சில மாசம் அடங்கும், சில மாசம் பொங்கும். மஞ்சள் துணி எங்கே போனது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட முப்பத்திரண்டு பேரில் ஏழெட்டுப் பேர் வந்து பேசினார்கள், மற்றவர்கள் பேசாமல் பழகிக்கொண்டார்கள். ரோலர் அண்ணன் மட்டும் இன்றுவரை விரல் வைப்பதில்லை. முன்னெச்சரிக்கையாக நம்பர்தான் அழுத்துகிறார். அக்கா அழுத்துகிற அதே பொத்தான்கள்தான் அவை என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

விசாரணை முடிந்த அன்று மத்தியானமே புதுச் சுற்றறிக்கை போடச் சொன்னார்கள். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் முந்தையதைப் போலவே அழகாகத் தொடங்கினேன். "பணியாளர் ஒருவரின் உடல்நிலையைக் கருதி, நிர்வாகம் கருணையின் அடிப்படையில்—"

"நிறுத்து. என்னது அது, கருணை?"

"அப்படித்தான்க்கா எழுதுவாங்க."

"அழி. கருணை எதுக்கு? நான் கேட்டது வாசல். உடல்நிலையையும் அழி. யாரு உடம்பு எப்படி இருந்தா சுவருக்கென்ன?"

அழித்தேன். திரையில் ஒன்றும் மிச்சமில்லை. "அப்ப என்ன போடறதுக்கா?"

"பழைய தாளு தப்புன்னு போடு. அதக் கிழிச்சாச்சுன்னு போடு. எல்லாரும் முன்வாசல்ல வரணும், விரலோ நம்பரோ அவங்க இஷ்டம்னு போடு. பதினாலாம் நம்பரு பதினோரு நாளும் வேலைக்கு வந்தாங்கன்னு போடு. அவ்வளவுதான்."

"உங்க நம்பரப் போடலாமாக்கா?"

"நம்பர்தானே என் பேரு. போடு. போன தரம் மறைச்சதுக்கும் சேத்து, கொஞ்சம் பெரிசாவே போடு."

நான்கு வரி. நான் எழுதியதிலேயே சிறியது. அச்செடுத்து நீட்டினேன். அக்கா வாங்கி, பழக்கதோஷத்தில், சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டினார். ஓரத்தில் அச்சு மை லேசாக இழுபட்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"இதுல கறை இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். "வேற எடு."